பெருநாழியில் விழுந்த கல்

1857 பிப்ரவரி 28, நண்பகல். அன்றைய மதுரைச் சீமையின் தென்பகுதியில் வானிலிருந்து இரு கற்கள் விழுந்தன. மொத்த எடை ஏறத்தாழ 77 கிலோ. பெரிய கல் லண்டனுக்குச் சென்றது. உலகப் பட்டியல்களில் அதன் பெயர் ‘பர்னல்லி’.

விழுந்த ஊரின் பெயரை இடுவதே விண்கல் மரபு. ஆனால் பர்னல்லி என்ற ஒலிப்பில் தமிழ் ஊர்ப்பெயரின் சாயலே இல்லை. பட்டியல் குறிக்கும் இடமோ கமுதி வட்டாரத்துப் பெருநாழியை ஒட்டி வந்து நிற்கிறது. ‘ரு’வின் உகரம் தேய்ந்தது, ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் தென்பாண்டி வழக்கு எஞ்சியதைச் செய்தது. பெருநாழியே பர்னல்லி என்பது என் முடிபு. (நான் இதை எழுதும் லோதி ரோட்டில் வானிலைத் துறைத் தலைமையகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் வானிலையியலுக்கும் விண்கல்லுக்கும் கிரேக்க வேர் ஒன்றே!)

கல்லின் உட்பொருள் இன்னும் அரியது. ஒலிவினும் பைராக்சீனும் மிகுதி. இரும்பு குறைவு, தனி உலோகமாக நிற்கும் இரும்பு அதனினும் குறைவு. ஆகவே ‘எல்எல்’ பிரிவு. ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகி உறைந்த காண்ட்ரூல் என்னும் சிறு உருண்டைகள் இதில் தெளிவாகத் தெரிகின்றன. கடுவெப்பம் கண்ட கற்களில் ஒலிவின் மணிகள் அனைத்தும் ஒரே கலவைக்கு வந்துவிடும். இதில் மணிக்கு மணி இரும்பின் அளவு மாறுகிறது. வகை எண் 3 சுட்டுவது இதனையே. 1860களில் நெவில் ஸ்டோரி மாஸ்கெலின் மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்த கற்களுள் இதுவும் ஒன்று.

பதிவான பெயர் இனி மாறாது. தமிழில் எழுதுவோரும் ‘பர்னல்லி’ என்றே எழுதுவதைத்தான் ஏற்க இயலவில்லை. கமுதிப் பக்கத்து நண்பர்களே, கல் விழுந்த கதை உங்கள் ஊர் முதியோர் வழக்கில் உண்டா? கேட்டு எழுதுங்கள்.