சிலிக்கோன் போய் பிவிசி வந்த கதை

மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுவழி அடைபடாமல் காக்கிற சாதனங்களில் ஒன்று லாரிஞ்சியல் மாஸ்க். மூச்சுக்குழாய்க்குள் போகாது, குரல்வளையின் வாயைச் சுற்றிக் காற்றடைத்த மெத்தை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சிலிக்கோன் மாஸ்க்கின் இடத்துக்கு, ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் பிவிசி மாஸ்க் எப்படி வந்தது? நல்ல பொருள் கிடைத்ததும் பழையது போயிருக்கும் என்றுதான் தோன்றும். நான் படித்துப் பார்த்தவரை விஷயமே வேறு.

ஆர்ச்சி பிரெயின் 1981-ல் லண்டனில் செய்த முதல் மாதிரி, பல் மருத்துவத்தில் பயன்பட்ட கோல்ட்மேன் மூக்கு மாஸ்க்கின் ரப்பர் விளிம்பை ஒரு குழாயோடு ஒட்டியதுதான். 1988-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தபோது அது சிலிக்கோன். மென்மையானது, நீராவிச் சூட்டைத் தாங்கும். 40 முறை வரை பயன்படுத்தலாம் என்றார்கள்.

1996-ல் பிரிட்டனில் புதுவகை சிஜேடி நோய் அறிவிக்கப்பட்டது. அதற்குக் காரணமான பிரியான் புரதம் வழக்கமான நீராவிச் சுத்திகரிப்பில் முழுசாக அழிவதில்லை. நோயாளிகளின் டான்சிலிலும் அது இருந்தது. மாஸ்க் உரசிப் போகிற இடமே அதுதானே! கழுவிச் சுத்திகரித்த மாஸ்க்குகளில் புரதம் மிச்சமிருப்பதை ஆய்வுகளும் காட்டின. ஒருமுறையோடு எறிவதற்குச் சிலிக்கோன் கட்டுபடியாகாது. மலிவான பிவிசி உள்ளே வந்தது இப்படித்தான்.

அதற்காக பிவிசியை மட்டம் என்று சொல்லிவிட முடியாது. நைட்ரஸ் ஆக்சைடு சிலிக்கோன் வழியே மெத்தைக்குள் எளிதில் ஊடுருவும். நேரம் ஆக ஆக அழுத்தம் ஏறித் தொண்டையை நெருக்கும். பிவிசியில் இது ரொம்பக் குறைவு. ஆனா பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை இளக்க டிஇஎச்பி போன்ற சேர்மங்களைக் கலந்தார்கள். அவை கசியுமோ என்ற கவலை தனியாகக் கிளம்பியது. 2007-ல் வந்த ஐ-ஜெல், மென்மையான எஸ்இபிஎஸ் பொருளில் வார்க்கப்பட்டது. அதில் காற்றடைக்கும் மெத்தையே இல்லை.

இதே பயத்தில், 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் டான்சில் அறுவைக் கருவிகளையும் ஒருமுறைக் கருவிகளாக மாற்றச் சொன்னார்கள். ரத்தக்கசிவுச் சிக்கல்கள் கூடவே, அந்த டிசம்பரிலேயே பழைய கருவிகளுக்குத் திரும்ப அனுமதித்தார்கள். அறுவைக் கருவி வழியாகப் புதுவகை சிஜேடி பரவியதாக இதுவரை ஒரு நோயாளிகூடப் பதிவாகவில்லை. அன்று பயந்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்; பல வருஷம் உள்ளே பதுங்கியிருக்கும் நோய் அது. ஆனால் பழையதன் ஆபத்தை எண்ணுகிறபோது, மாற்றாக வருவதன் ஆபத்தையும் அதே தராசில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.