வெப்பத்தைக் காணும் கண்

2025 ஜூன் 14ஆம் நாள் பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம் ஒன்று திருவனந்தபுரத்தில் அவசரமாக இறங்கியது. பின்னர்ப் பழுதுற்று, ஜூலை 22 வரை அங்கேயே தங்கிவிட்டது. ஊரார் வேடிக்கை பார்த்த அவ்விமானத்தின் மூக்கின் அடியில், செயற்கை நீலமணியாலான பலகணி ஒன்று உண்டு. அதன் பின்னே இருப்பது அகச்சிவப்புக் கண். உடலைச் சுற்றிலும் மேலும் ஆறு கண்கள் உள்ளன. ரேடார் அலைகளை அனுப்பித் தேடும். இக்கண்களோ பொருள்களினின்று வரும் வெப்பக் கதிரை வாங்கியே காண்கின்றன. ஆகவே, பார்க்கப்படுபவன் அதனை உணர்வதில்லை.

இக்கண்ணின் வரலாறு போர்க்களத்தில் தொடங்கவில்லை. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர், ஞாயிற்றொளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கும் அப்பால், ஒளி புலப்படாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். வெப்பம் ஏறிற்று. கண் காணாத கதிர் உண்டென்று உலகம் அறிந்தது.

1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா இதே திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் நிறுவியதும் விண்ணை அறியும் அவ்வேட்கையினாலேயே. விண்ணை ஆராய்ந்தோர் கண்ட கதிர், இன்று குறிபார்க்கவும் பயன்படுகின்றது. நேயர்களே, நாம் மறத்தலாகாதது ஒன்றுண்டு: இக்கண் வெப்பத்தைக் காட்டும், அவ்வெப்பத்துக்கு உரியவர் பகைவரா, வழிப்போக்கரா என்பதை மனிதனே ஆராய்ந்து தெளிதல் வேண்டும்.