முற்றத்திற்கு வந்த பள்ளி

1939-இல் மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறை நம் நாட்டில் பரவிற்று. ஆனால் அதற்குரிய மரச்சாதனங்களின் விலை ஏழை எளியோருக்கு எட்டுவதாக இல்லை.

இத்தடையை நீக்கியவர் தாராபாய் மோடக். 1945-இல் பம்பாய்க்கு வடக்கே, கடலோரமான போர்டி கிராமத்தில், அனுதாய் வாக் துணையுடன் குழந்தைப் பள்ளி தொடங்கினார். தீண்டாமைக்கு ஆளான மக்களின் குழந்தைகள் அங்கு வரவில்லை. ஆகவே பள்ளியே அவர்களுடைய வீட்டு முற்றத்திற்குச் சென்றது. எண்ணுவதற்குக் கூழாங்கற்கள், வகைப்படுத்துவதற்கு விதைகள், கிளிஞ்சல்கள், இலைகள். வாங்கியவை சொற்பம், பொறுக்கியவையே மிகுதி. 1957-இல் இப்பணி கோஸ்பாட் குன்றுக்குச் சென்று, வார்லி பழங்குடிச் சிறுவரிடையே தொடர்ந்தது. முற்றத்தைக் குறிக்கும் 'அங்கன்' என்னும் சொல்லிலிருந்து பிறந்த 'அங்கன்வாடி', 1975-இல் மத்திய அரசின் திட்டத்திலும் இடம்பெற்றது.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வரலாறு அந்நியமன்று. தில்லியில் தமிழ்ப் பள்ளி எங்கள் வீட்டுக்குத் தொலைவு. எனவே பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் எழுத்துகளை வரைந்து, அவற்றின்மேல் புளியங்கொட்டைகளை அடுக்குமாறு என் மகளுக்குச் சொன்னேன். 'அ' ஒரே நாளில் வந்துவிட்டது. 'ழ' எழுதுகையில் கொட்டைகள் தீர்ந்துபோயின. அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் ஒரு பிடி ராஜ்மா கடன் வாங்கினோம்.