ஒய்ஒய்இன்
லெக்ஸ், பிளெக்ஸ் கருவிகள் உருவாக்கும் சொற்பகுப்பிகளில் உள்ளீட்டுக் கோப்பைச் சுட்டும் மாறி. லெக்ஸை 1975-இல் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க், எரிக் ஷ்மிட் இருவரும் எழுதினர்.

எதையும் குறிப்பிடாவிட்டால் இம்மாறி இயல்நிலை உள்ளீட்டையே, பெரும்பாலும் விசைப்பலகையை, சுட்டும். கோப்பிலிருந்து படிக்க, சி மொழியின் எஃப்ஓப்பன் தரும் சுட்டியை இதில் இட்ட பிறகே இலக்கணப் பகுப்பியான ஒய்ஒய்பார்ஸை அழைக்க வேண்டும். கோப்பு திறந்ததா என்ற சோதனையைத் தவிர்க்கவே கூடாது: வெற்றுச் சுட்டி கிடைத்தால் பிளெக்ஸ் பிழை எதுவும் காட்டாமல் விசைப்பலகைக்காகக் காத்து நிற்கும். புதிதாகக் கற்பவர்கள் நிரல் உறைந்துவிட்டதென்று தவிப்பது இங்கேதான்.

இலக்கணப் பகுப்பி கோப்பைத் தொடுவதில்லை. சொற்பகுப்பியான ஒய்ஒய்லெக்ஸிடம் சொற்குறிகளைக் கேட்டுப் பெறுவதே அதன் வேலை. பிளெக்ஸ் உள்ளீட்டைத் தொகுதியாகப் படித்து இடையகத்தில் வைப்பதால், பாதியில் மாறியை மட்டும் மாற்றினால் பழைய எழுத்துகள் எஞ்சிவிடும். ஒய்ஒய்ரீஸ்டார்ட் என்ற செயற்கூறு அவற்றைக் களைகிறது. கோப்பு முடிந்ததும் அழைக்கப்படும் ஒய்ஒய்ராப் செயற்கூறு 1 தந்தால் படிப்பு நிற்கும், 0 தந்தால் தொடரும்.