வீதி முடிந்த இடத்திலிருந்து புறப்பட்ட பழைய வண்டிகள்

நான்கு சில்லுகளும் இயந்திர விசையால் சுழலும் பெரிய வாகனங்கள் இன்று கொழும்பில் செல்வாக்கின் அடையாளமாகிவிட்டன. அவற்றுள் பல தமது வாழ்நாளில் ஒரு தடவையேனும் சேற்றில் இறங்குவதில்லை. காப்பெட் வீதியில் புறப்பட்டு காப்பெட் வீதியிலேயே வீடு திரும்புகின்றன. ஆனால், இவ்வகை வாகனங்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கும் எவருக்கும் ஓர் உண்மை புலப்படும். வீதியற்ற நிலத்தில் ஓடும் வாகனம் செல்வத்திலிருந்து பிறந்ததல்ல, தட்டுப்பாட்டிலிருந்து பிறந்தது. அதன் வளர்ச்சியின் முக்கிய கட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பழைய வாகனமோ, வேறொரு வாகனத்துக்கென ஆக்கப்பட்ட பாகங்களோ அடித்தளமாக இருந்திருக்கின்றன. அத்தகைய மூன்று கட்டங்களையும், அவற்றோடு சேர்த்து எண்ணப்பட வேண்டிய எமது மண்ணின் அனுபவம் ஒன்றையும் இங்கே பதிவு செய்ய விரும்புகின்றேன்.

முதலாவது கட்டம் 1940ஆம் ஆண்டுக்குரியது. ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த நிலையில், பாரம் குறைந்த நான்கு சில்லு விசை வண்டியொன்றை வடிவமைக்குமாறு அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. முதலாவது வண்டியை 49 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் காலக்கெடுவை ஏற்றுக்கொண்டது, பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில் வங்குரோத்து நிலைக்கு வந்திருந்த அமெரிக்கன் பான்டம் என்ற சிறு நிறுவனமாகும். கார்ல் புரொப்ஸ்ட் என்ற பொறியியலாளர் சில நாள்களில் வரைபடங்களைத் தயாரித்தார். எல்லாப் பாகங்களையும் புதிதாக வடிவமைக்க 49 நாள்கள் போதா. எனவே சந்தையில் கிடைத்தவற்றையே அவர்கள் பயன்படுத்தினர். இயந்திரம் கொன்டினென்டல் நிறுவனத்தினுடையது. அச்சுகள் ஸ்ருட்பேக்கர் பயணிகள் காருக்கென உருவாக்கப்பட்டவற்றைத் திருத்தி அமைத்தவை. 1940 செப்டெம்பர் 23ஆம் திகதி, கெடு முடிய அரை மணி நேரமே இருக்கையில், அந்த வண்டி மேரிலாந்திலிருந்த இராணுவ முகாமைச் சென்றடைந்தது. இதுவே ஜீப்பின் மூதாதை.

பான்டம் நிறுவனத்துக்கு வரலாறு நீதி வழங்கவில்லை. அதன் வரைபடங்களை இராணுவம் வில்லிஸ், போர்ட் ஆகிய பெரிய நிறுவனங்களுக்கும் காட்டியது. போர் முடிவதற்குள் அவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. பான்டம் தயாரித்தவை மூவாயிரத்தைக்கூட எட்டவில்லை.

போர் ஓய்ந்ததும் இராணுவத்துக்குத் தேவையற்றுப்போன ஜீப்புகள் உலகெங்கும் மலிவாக விற்பனைக்கு வந்தன. அவற்றுள் ஒன்று, பிரித்தானியாவின் வேல்ஸ் கரையோரத்திலுள்ள ஆங்கில்சி தீவில், ரோவர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளரான மொரிஸ் வில்க்ஸ் என்பவரின் பண்ணையை அடைந்தது. அங்கேதான் இரண்டாவது கட்டம் ஆரம்பமாகின்றது. பண்ணை வேலைகள் அனைத்துக்கும் அந்தத் தேய்ந்த ஜீப் உதவியது. அது பழுதடைந்தால் அதற்குப் பதிலாக வாங்கக்கூடிய பிரித்தானிய வாகனம் எதுவும் அப்போது இருக்கவில்லை. மொரிஸும், நிறுவனத்தின் முகாமைப் பணிப்பாளராக இருந்த அவருடைய சகோதரர் ஸ்பென்சரும் அத்தகைய வாகனமொன்றைத் தாமே உருவாக்கத் தீர்மானித்தனர். 1947இல் அவர்கள் கட்டிய முதலாவது மாதிரி வண்டிக்கு அடிச்சட்டமாக அமைந்தது ஒரு பழைய ஜீப்பின் சட்டமே. அதன்மேல் ரோவர் கார் ஒன்றின் இயந்திரத்தைப் பொருத்தினர். உழவு இயந்திரத்தில் இருப்பதுபோலச் சுக்கான் நடுவில் இருந்தது.

போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்கு பங்கீட்டு முறையில்தான் கிடைத்தது. அதனால் வண்டியின் உடலுக்கு அலுமினியக் கலப்புத் தகட்டைத் தெரிவு செய்தனர். தகடுகளை வளைத்து அழகுபடுத்தும் அச்சுகளுக்குப் பணமும் இல்லை, காலமும் இல்லை. அதனால் தட்டையான தகடுகளைக் கையால் மடித்தே உடலை அமைத்தனர். அடிச்சட்டத்துக்கென உருக்குத் தகட்டுக் கீலங்களை ஒட்டிப் பெட்டி வடிவில் பொருத்தினர். இன்று உலகம் ரசிக்கும் லான்ட் ரோவரின் சதுர முகம், உண்மையில் ஒரு தட்டுப்பாட்டுக் காலத்தின் முகம். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமானபோது விலை 450 பவுண். ஏற்றுமதியால் சிறிது அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் தற்காலிக வாகனம் என்றே நிறுவனம் அதனைக் கருதியது. அதன் நேரடி வழித்தோன்றலின் உற்பத்தி சோலிஹல் தொழிற்சாலையில் நிறுத்தப்பட்டது 2016 ஜனவரி 29ஆம் திகதியாகும். தற்காலிகம் 68 ஆண்டுகள் நீடித்தது.

எமது மலையகத் தேயிலைத் தோட்டங்களில் துரைமார் ஏறித்திரிந்த லான்ட் ரோவர்களைக் கண்ட தலைமுறை இன்னும் இருக்கின்றது. இந்தியாவின் டார்ஜிலிங் மாவட்டத்தில், மானேபஞ்சாங் என்ற சிற்றூரிலிருந்து 3,636 மீற்றர் உயரமான சந்தக்பு சிகரத்துக்கு 1950களில் தயாரிக்கப்பட்ட லான்ட் ரோவர்கள் பல தசாப்தங்களாகப் பயணிகளை ஏற்றிச் சென்றுள்ளன. சாரதிகளே மெக்கானிக்குகளாகவும் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

மூன்றாவது கட்டம் கலிபோர்னியாவின் கடற்கரை மணலில் நிகழ்ந்தது. புரூஸ் மேயர்ஸ் என்பவர் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையில் சேவையாற்றியவர். 1945 மே 11ஆம் திகதி ஒகினாவா அருகே ஜப்பானியத் தற்கொலை விமானங்கள் பங்கர் ஹில் என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் தாக்கியதில் 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கப்பலில் இருந்து உயிர் தப்பியவர்களுள் மேயர்ஸும் ஒருவர். போருக்குப் பின் ஓவியம் பயின்று, கண்ணாடி இழையால் படகு கட்டும் தொழிலில் தேர்ச்சி பெற்றார். மணல் மேடுகளில் இளைஞர்கள் பழைய கார்களின் உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் சட்டத்தோடு ஓட்டி மகிழ்வதை அவர் கண்டார். அந்த விளையாட்டுக்குப் பொருத்தமான ஓர் உடலைச் செய்ய அவருக்கு ஆசை பிறந்தது.

அவர் தெரிவு செய்தது வோக்ஸ்வாகன் பீற்றில் காரின் பாகங்களை. இந்தத் தெரிவுக்குத் தக்க காரணங்கள் உண்டு. பீற்றிலின் இயந்திரம் பின்புறத்தில் இருக்கின்றது. இயக்கும் சில்லுகளும் பின்சில்லுகளே. எனவே பாரத்தின் பெரும்பகுதி விசை செல்லும் சில்லுகளின்மேல் இறங்க, அவை மணலைப் பற்றிப்பிடிக்கின்றன. நான்கு சில்லு விசை இல்லாமலே அது மணலில் ஏறுவதன் இரகசியம் இதுதான். இயந்திரம் காற்றினால் குளிர்வதால், கொதித்து வழியத் தண்ணீரே இல்லை. உடலோ தட்டையான அடித்தளத்தோடு சில மரையாணிகளால் மட்டும் பிணைக்கப்பட்டிருக்கின்றது. விபத்தில் நசுங்கிய பீற்றிலை மலிவாக வாங்கி, ஆணிகளைக் கழற்றி, உடலை அப்புறப்படுத்தினால் ஓடக்கூடிய அடித்தளம் கைக்கு வரும்.

1964இல் மேயர்ஸ் கட்டிய முதலாவது வண்டி 'ஓல்ட் ரெட்' எனப்படுகின்றது. அதில் கண்ணாடி இழை உடலே சட்டமாகவும் அமைந்தது. அது செலவு மிக்க முறையாக இருந்தமையால், சுமார் பன்னிரண்டு வண்டிகளோடு அதைக் கைவிட்டார். பின்னர் பீற்றிலின் அடித்தளத்தையே ஏறத்தாழ 36 சென்ரிமீற்றர் வெட்டிக் குறுக்கி, மீண்டும் ஒட்டி, அதன்மேல் இலகுவான உடலைப் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தார். வீட்டுக் கராஜில் இதனைச் செய்து முடிக்க எவராலும் முடிந்தது. வாலற்ற பூனை இனமொன்றின் பெயரால் இவ்வண்டி 'மேயர்ஸ் மான்க்ஸ்' எனப்பட்டது.

அதன் வலிமையை உலகம் அறிந்தது 1967இல். மெக்சிக்கோவின் பாகா கலிபோர்னியா குடாநாட்டில் அப்போது முழுமையான வீதி கிடையாது. குடாநாடு முழுவதையும் இணைக்கும் நெடுஞ்சாலை 1973இல்தான் பூர்த்தியானது. அந்தப் பாலை வழியை 1962இல் இரு மோட்டார் சைக்கிள் வீரர்கள் ஏறத்தாழ 40 மணித்தியாலங்களில் கடந்திருந்தனர். 1967 ஏப்ரலில் மேயர்ஸும் அவருடைய நண்பர் ரெட் மாங்கல்ஸும் 'ஓல்ட் ரெட்' வண்டியில் லா பாஸ் நகரிலிருந்து திகுவானா வரை 34 மணி 45 நிமிடங்களில் ஓடி அந்தச் சாதனையை முறியடித்தனர். அவ்வாண்டின் பிற்பகுதியில் இதே பாலை வழியில் முதலாவது போட்டி நடைபெற்றபோது, வென்றதும் ஒரு மான்க்ஸ் வண்டியே. பாகா பந்தயங்களின் நீண்ட வரலாறு இங்குதான் தொடங்கியது.

பான்டம் நிறுவனத்துக்கு நேர்ந்த கதியே மேயர்ஸுக்கும் நேர்ந்தது. அவருடைய வடிவத்தை எண்ணற்றோர் பிரதி செய்தனர். காப்புரிமை கோரி அவர் தொடுத்த வழக்குத் தோற்றது. சுமார் ஆறாயிரம் வண்டிகளுக்கான உடல்களை விற்ற அவருடைய நிறுவனம் 1971இல் மூடப்பட்டது. பிரதிகளோ இரண்டு இலட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. கண்ணாடி இழை உடலுக்கும் பணமில்லாதோர் பீற்றிலின் முன்பின் தகடுகளை வெட்டி, பெரிய ரயர்களைப் பூட்டி 'பாகா பக்' என்ற இன்னும் மலிவான வகையை உருவாக்கினர். மேயர்ஸ் 2021இல் தமது 94ஆவது வயதில் காலமானார்.

இம்மூன்று வண்டிகளையும் உயர்த்தியது, சேர்த்தவை அல்ல, கழித்தவை. கதவைக் கழித்தனர், கூரையைக் கழித்தனர், பாரத்தைக் கழித்தனர். எஞ்சியதைப் பழுதுபார்க்க ஒரு சாவித்தொகுதி போதும் என்றாக்கினர்.

இனி எமது அனுபவத்துக்கு வருகின்றேன். 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்ததும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் அரிதாயிற்று. அப்போது குடாநாட்டின் வீதிகளைக் காத்தவை ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் ஆகிய பழைய கார்கள். மண்ணெண்ணெயில் அவை ஓடின. காபரேற்றருக்குள் சிறு போத்தலால் சில துளி பெற்றோலைப் பீச்சி இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதே இதற்குக் காரணம். பழைய இயந்திரங்கள் எரிபொருட் கலவையைச் சுமார் ஏழு மடங்கு மட்டுமே நெருக்கின. அதனால் தரம் குறைந்த எரிபொருளையும் தாங்கின. பத்து மடங்குக்கு மேல் நெருக்கும் இன்றைய இயந்திரம் அதே எரிபொருளில் இடித்து உடைந்துவிடும்.

இது குறைபாடற்ற வித்தையும் அல்ல. எரியாத மண்ணெண்ணெய் வடிந்து இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அடிக்கடி எண்ணெய் மாற்றாவிடில் இயந்திரம் தேய்ந்து போகும். வெண்புகையும் நெடியும் பயணிகளின் தலையைக் கனக்கச் செய்யும். இருந்தும் நோயாளரும் கர்ப்பிணிகளும் ஆசிரியர்களும் அக்கார்களில்தான் சென்றனர். பத்திரிகைத் தொழிலில் அப்போதுதான் காலடி வைத்திருந்த நானும் அவற்றில் பல தடவை பயணித்திருக்கின்றேன். ஆனையிறவுப் பாதை மூடப்பட்ட பின்னர் கொம்படி, ஊரியான் வழியாக நீரையும் சேற்றையும் கடந்த நாள்களில் உழவு இயந்திரப் பெட்டிகளே பலருக்கு வாகனமாயின. கலிபோர்னியாவில் வீதியற்ற நிலத்தைத் தேடிச் சென்றனர். எங்களிடமிருந்தோ வீதி பறிக்கப்பட்டது. அந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இவ்விரண்டையும் ஒன்றென எழுத என்னால் இயலாது.

ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அது இரும்பை அறிந்த மனிதக் கை. இன்றைய வாகனங்களைக் கணினி ஆளுகின்றது. பழுது எதுவெனக் கேட்பதற்கே ஒரு கருவி வேண்டும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வாகனங்களின் விலை ஏறியதை எல்லோரும் கண்டோம். பழைய மெக்கானிக்குகளின் மதிப்பும் அதே அளவுக்கு ஏறியதா என்பது ஐயமே.

'ஓல்ட் ரெட்' வண்டி 2014இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அதன் அளவுகளும் படங்களும் ஆவணங்களாக அந்நாட்டின் காங்கிரஸ் நூலகத்துக்கு வழங்கப்பட்டன. ஒரு விளையாட்டு வண்டிக்கு அத்தகைய மதிப்பு. ஐந்தாண்டுகளுக்கு மேலாக ஒரு மக்கள் கூட்டத்தை மண்ணெண்ணெயில் சுமந்த கார்களையும், அவற்றை ஓடவைத்தவர்களையும் பற்றி எழுத்தில் இருப்பது மிகச் சொற்பம். அக்கார்கள் பல பழைய இரும்பாக எடை போடப்பட்டுவிட்டன. அவற்றின் கீழே கிறீஸ் படிந்த கைகளோடு படுத்திருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்போர் பலர் எழுபது வயதைக் கடந்திருப்பர். சிலர் ஊரில், சிலர் ரொறன்ரோவில், சிலர் பாரிஸில். உங்கள் தந்தையோ மாமாவோ பெரியப்பாவோ அவர்களில் ஒருவராயின், எந்தக் குழாயை எங்கே பூட்டினார், எதை வைத்து எதைச் சமாளித்தார் என்பதை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.