சின்ன இசைத்தட்டும் சொந்த மொழியும்

இலக்கிய வரலாறு என்றதும் நம் கண்முன் வருபவை ஏடுகளும் நூல்களும் சஞ்சிகைகளுமே. ஏழு அங்குல விட்டமுள்ள ஒரு கறுப்புத் தட்டுக்கும் அதில் இடமுண்டா? உண்டு என்பதே இப்பேச்சின் சாரம்.

நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய இசைத்தட்டை 1949இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் அறிமுகம் செய்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டு; இளைஞர் கைக்கு எட்டும் விலை. 1960களில் மேலைநாட்டுப் பையன்கள் வீட்டுக் கார்க் கொட்டகைகளில் மின்கிற்றார் பழகினார்கள். எப்படியோ ஒரு தட்டை வெளியிட்டார்கள். பிறகு கலைந்தும் போனார்கள். ‘கராஜ் றொக்’ என்ற பெயர் அக்கொட்டகைகளால் வந்தது. 1972இல் லெனி கேய் தொகுத்த ‘நக்கெட்ஸ்’ என்ற இரட்டை இசைத்தட்டு அவர்களுள் பலரை மறதியிலிருந்து மீட்டது.

பிரான்சில் இக்கதை மொழிப் பிரச்சினையாகவும் இருந்தது. 1959இல் ஐரோப்பா-1 வானொலியில் தொடங்கிய ‘சலு லே கொப்பேன்’ நிகழ்ச்சி இளைஞரைக் கட்டிப்போட்டது. ஆனால் பாடப்பட்டவற்றுள் பல, ஆங்கிலப் பாட்டுகளின் பிரெஞ்சு நகல்கள். அந்த அலைக்கு ‘யே-யே’ என்று 1963இல் பெயரிட்டவர் சமூகவியலாளர் எட்கார் மொறேன். 1966இல் ஜாக் டுத்ரோன் பாடிய முதல் வெற்றிப் பாட்டுக்கு வரி எழுதியவரோ நாவலாசிரியர் ஜாக் லான்ஸ்மன். இரவல் மெட்டுக்குள் சொந்த மொழியின் எள்ளல் புகுந்தபோது, நகல் அசலாயிற்று.

நேயர்களே, அதே ஆண்டுகளில் நம் தீவிலும் இதுவே நடந்தது. கிளாரன்ஸ் விஜேவர்தன ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவோடு சிங்களப் பாட்டில் மின்கிற்றாரை ஒலிக்கச் செய்தார். ஜெரால்ட் விக்கிரமசூரியவின் ‘சூரியா’ நிறுவனம் இத்தகைய பாட்டுகளைச் சின்னத் தட்டுகளாக வெளியிட்டது.

தமிழிலோ, உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்று பாடினார். சினிமாத் தமிழோ செந்தமிழோ அல்ல. யாழ்ப்பாணத்து முற்றத்துப் பேச்சு. முகஞ்சுளித்தோர் உண்டு. ஆயினும் ஈழத்துச் சிறுகதை மண்வாசனையைத் தேடிய காலத்தில், இந்தப் பாட்டுகள் அதே தேடலைக் கிற்றாரோடு செய்தன எனலாம்.

பின்னர் வந்த ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடலையும் தாண்டியது. சிங்களப் பைலாவும் தமிழும் கலந்த அந்தப் பாட்டு, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தின் மூலம் தமிழகத்தில் பரவியது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் மறைந்தார்.

இதில் பெரிய செய்தி ஒன்று உண்டு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த நாடு இது. மொழி சுவராகிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மீன் பாட்டு அச்சுவரைத் தாண்டிக் குதித்தது. குருநாகலுக்கும் தம்புள்ளைக்கும் இடையே, இரு மொழிகளும் கலந்து ஒலிக்கும் எங்கள் கலேவெலச் சந்தையில் நிற்பவருக்கு அதன் பொருள் விளங்கும். ‘மீன் என்ன விலை?’ என்று கேட்க அங்கே எவரும் மொழிச் சட்டம் பார்ப்பதில்லை.

ஆனால் அந்தத் தட்டுகள் எங்கே? 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு ஒலிநாடாக்கள் குவிந்தன. தட்டுகள் பரணுக்குப் போயின. வெப்பத்தில் வளைந்தவை சில. போரில் வீடுகளோடு அழிந்தவை பல. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்துக்காக நாம் அழுதோம், அழ வேண்டியதே. பாட்டுத் தட்டுகள் போனபோதோ, போனது என்னவென்று பட்டியலிடவும் நம்மிடம் ஆளில்லை.

மேலைநாடுகளில் ஒரேயொரு பாட்டோடு மறைந்த குழுவின் தட்டையும் தேடி எடுத்து, பாடியவர் யார், வாசித்தவர் யார் என்று எழுதி வைக்கிறார்கள். நம் வீட்டுப் பரணில் அப்படியொரு தட்டு இருந்தால் வீசிவிடாதீர்கள். அதன் நடுவட்டத்தில் உள்ள எண்ணையும் பெயர்களையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். தட்டு தேய்ந்தாலும் அந்தப் பெயர்கள் மிஞ்சட்டும்.