பாடபேதமும் பழ ஈயும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்பவர்கள் மரக்காணத்து உப்பளங்களைப் பார்க்காமல் கடந்துவிட முடியாது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினத்தை இப்பகுதியோடு பொருத்திக் காணும் அறிஞர் உண்டு. அந்நூலை உள்ளடக்கிய பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தார். அவரது முறை நாம் அறிந்ததே. கிடைத்த ஏடுகளை அருகருகே வைத்து, எவ்விடத்தில் ஒன்று மற்றொன்றிலிருந்து விலகுகிறது என்று பார்ப்பது. ஒரே பிழை இரண்டு ஏடுகளில் இருந்தால், அவை பெரும்பாலும் ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை. பாடபேதம் என்பது குறை மட்டுமன்று. அது வம்சாவளியின் தடயமும் ஆகும்.

இருபதாம் நூற்றாண்டின் உயிரியலாளர்கள் இதே வேலையை வேறோர் ஏட்டில் செய்தனர். அந்த ஏடு, புளித்த வாழைப்பழத்தின் மேல் மொய்க்கும் ட்ரோசோஃபிலா என்னும் சிற்றீயின் குரோமோசோம். (மாம்பழத்துக்குள் புழு வைக்கும் ஈ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.)

அமெரிக்காவின் ஆல்ஃபிரட் ஸ்டர்டவன்ட் 1919இல், ஒரே இனம் என்று எண்ணப்பட்ட ஈக்களுக்குள் இரண்டு இனங்கள் கலந்திருப்பதைக் கண்டார். ஒன்று மெலனோகாஸ்டர்; மற்றதற்கு அவர் சிமுலன்ஸ் என்று பெயரிட்டார். கண்ணுக்கு இரட்டையர் போலிருந்தாலும் இவ்விரண்டும் கூடிப் பெற்ற சந்ததி மலடாயிருந்தது. 1921இல் அவர் மேலும் ஓரடி சென்றார். இரு இனங்களிலும் மரபணுக்கள் அமைந்த வரிசையை ஒப்பிட்டு, மூன்றாவது குரோமோசோமின் ஒரு பகுதி ஓர் இனத்தில் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்றார். ஒரு வரியின் நடுவே சில சொற்கள் பின்னிருந்து முன்னாக எழுதப்பட்டது போன்ற பேதம் இது. அதை அவர் கண்ணால் காணவில்லை, கணக்கிட்டே அறிந்தார்.

காணும் வழி 1933இல் திறந்தது. புழுக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியில் பருத்த இழைகள் இருப்பதை பல்பியானி 1881இலேயே கண்டிருந்தார். ஆனால் அவை குரோமோசோம்கள்தாம் என்பதை ஐரோப்பாவில் ஹைட்ஸ், பவர் ஆகியோரும் டெக்சஸில் தியோஃபிலஸ் பெயின்டரும் நிறுவினர். ஒவ்வொரு குரோமோசோமும் பிரியாமலே மீண்டும் மீண்டும் இரட்டித்து, ஆயிரம் இழைகள் ஒட்டிய கயிறாகப் பருத்து, குறுக்கே கரும்பட்டைகளோடு நிற்கிறது. புழுவை மெல்லிய உப்புநீரில் வைத்துச் சுரப்பியைப் பிரித்தெடுத்து, சாயமேற்றி, கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுக்கினால் பட்டைகளை எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். 1936இல் ஸ்டர்டவன்டும் டாப்ஷான்ஸ்கியும் சூடோஅப்ஸ்க்யூரா என்னும் இனத்தின் தலைகீழ்த் திருப்பங்களை மட்டும் கொண்டு அதன் கிளைவழிகளை வரைந்தனர். சாமிநாதையர் கண்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்.

நமக்கு அருகில் இக்கதையின் சிறந்த அத்தியாயம் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. அங்கே என்.பி. கிருஷ்ணமூர்த்தி, எச்.ஏ. ரங்கநாத் முதலியோர் எடுத்துக்கொண்டவை நசூட்டா, அல்போமிகன்ஸ் என்னும் இரண்டு நெருங்கிய உறவுகள். நசூட்டா கிழக்கு ஆப்பிரிக்கக் கரை தொடங்கி இந்தியப் பெருங்கடல் தீவுகள், இந்தியா, இலங்கை வரை பரவியது. அல்போமிகன்ஸ் ஜப்பான் பக்கத்திலிருந்து தென்கிழக்காசியா வழியே வடகிழக்கு இந்தியா வரை வருவது. தோற்றத்தில் பிரித்தறிவது கடினம். ஆனால் நசூட்டாவுக்கு எட்டு குரோமோசோம்கள்; அல்போமிகன்ஸுக்கு ஆறே.

இரண்டு எங்கே போயின? எங்கும் போகவில்லை. மரக்காணத்து உப்பளத்தில் அடுத்தடுத்த இரு பாத்திகளுக்கு நடுவிலுள்ள வரப்பை நீக்கினால் பாத்திகளில் ஒன்று குறையும், உப்பு குறையாது. அல்போமிகன்ஸில் நடந்தது அதுவே. நசூட்டாவில் தனித்து நிற்கும் மூன்றாவது குரோமோசோம், இங்கே பாலினத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நான்கு துண்டுகள் இரண்டாயின.

குரோமோசோம் எண்ணிக்கை மாறினால் கலப்பில் பிறப்பவை மலடாகும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. இங்கே அது பொய்த்தது. இவ்விரண்டின் கலப்புச் சந்ததி கருவளம் உடையது. பின்தலைமுறைகளில் நலிவு தென்பட்டாலும் வம்சம் அறுவதில்லை. மைசூர் ஆய்வாளர்கள் அவ்வம்சங்களைப் புட்டிகளில் பல தலைமுறைகளுக்கு வளர்த்தனர். 1986இல் ராமச்சந்திராவும் ரங்கநாத்தும் வெளியிட்ட முடிவு வியப்பானது. பெற்றோர் இருவரையும் ஒவ்வாத, நிலைபெற்ற புதிய குரோமோசோம் அமைப்புகள் தோன்றியிருந்தன. ஒரு வம்சத்தில் பெண்ணுக்கு ஆறு, ஆணுக்கு ஏழு. அதில் அல்போமிகன்ஸின் இணைந்த எக்ஸ் நிலைத்துவிட்டது. ஆணில் மட்டும் நசூட்டாவின் ஒய்யும் மூன்றாவதும் பிரிந்தே நின்றன. இத்தகைய வம்சங்களுக்கு அவர்கள் ‘சைட்டோரேஸ்’ என்று பெயரிட்டனர். இயற்கையில் நெடுங்காலம் எடுக்கும் மாற்றத்தின் முதற்படியை ஆய்வகத்தில் மனிதர் கண்ணெதிரே கண்ட அரிய தருணம் அது.

வரப்பு நீங்கியதற்கு விளைவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. ட்ரோசோஃபிலா ஆணில் குரோமோசோம் இணைகள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்வதில்லை. எனவே ஒய்யோடு ஒட்டிய மூன்றாவது, தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போய், தன் இணையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை இழக்கிறது. ஒப்புநோக்க வேறு படி இல்லாத ஏட்டில் பிழைகள் தங்கிவிடுவது போல, அதில் பழுதுகள் சேரத் தொடங்குகின்றன. அல்போமிகன்ஸில் இது மிக இளமையான நிலையில் இருப்பதால், ஒய் குரோமோசோம்கள் எவ்வாறு தேய்கின்றன என்பதை அறிய விரும்புவோர் இன்றும் இந்த ஈயை நாடுகின்றனர்.

அப்படியானால் இவை இரண்டு இனங்களா, ஓரினத்தின் இரு பிரிவுகளா? அறிவியல் ஏடுகளிலேயே இரு வழக்குகளும் உண்டு. நசூட்டாவின் துணையினம் என்று எழுதியோர் உளர். தனியினம் என்று எழுதுவோரும் உளர். இத்தடுமாற்றம் ஆய்வாளர்களின் குறையன்று என்றே எனக்குப் படுகிறது. பிரிதல் ஒரு நாளில் நிகழ்வதன்று. நாம் இடும் பெயரோ ஒரு நாளுக்கு உரியது. எட்டையும் ஆறையும் எண்ணி ‘வேறு’ என்று கோடு கிழிப்பது எளிது. எந்த வரப்பு எப்போது நீங்கியது, அதன்பின் எது எதனோடு கலக்க முடியாமற் போயிற்று, எது இன்னும் கலக்கிறது என்று பொறுமையாகப் படிப்பதே கடினம். எண்ணிக்கையைக் கொண்டு உறவை அறுப்பதில் மனிதருக்கு எப்போதும் ஓர் அவசரம் உண்டு. வாழைப்பழத்து ஈ அந்த அவசரத்துக்கு இடங்கொடுக்கவில்லை.